கூப்பு அம்சவள்ளி

2025 பிப்ரவரி 10, திங்கட்கிழமை. வெள்ளிமலையில் விடிந்து வெகுநேரமாகியும் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பேருந்தின் முன்கண்ணாடியை ஓட்டுநர் துடைக்கத் துடைக்க ஈரம் மீண்டும் படிந்தது. முன்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு அம்சவள்ளி கேட்டார்:

"பிரேக்கு புடிக்குதா?"

கேட்காமல் அவர் இதுவரை எந்த வண்டியிலும் ஏறியதில்லை. ஓட்டுநர் தலையை ஆட்டினால் போதாது. வாயைத் திறந்து சொல்லவேண்டும். புதிதாக மாற்றலாகி வந்த ஓட்டுநர் ஒருவர் ஒருமுறை, "புடிக்காமலா மலயில வண்டி எடுப்பேன்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார். "நான் கேட்டதுக்கு இன்னொரு கேள்வி பதிலு ஆவாது. புடிக்குதா, இல்லியா?" என்று அம்சவள்ளி படியிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஜீப்புகள் ஒலிப்பானை அலறவிட்டன. ஓட்டுநர், "புடிக்குதும்மா, தாயே" என்று கும்பிட்ட பிறகுதான் மற்றக் காலும் மேலே வந்தது.

இன்றைக்கு ஓட்டுநர் கேள்வி முடியுமுன்பே, "புடிக்குது, ஏறு" என்றார். அம்சவள்ளி ஏறினார். அவருடன் ஒரு மரக்கிளையும் ஏறியது. அவருடைய தோள் உயரம் இருக்கும்; அடிப்பக்கம் தொடையளவு பருமன். அறுபட்ட வாயில் நனைத்த சாக்குத்துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார். நுனியில் சில பழுத்த இலைகளும், பறிபடாத நாலைந்து கடுக்காய்களும் தொங்கின.

நடத்துநர் கலையரசன் சங்கராபுரத்துக்காரர். வாய் சும்மா இராதவர். "யக்கா, இது இன்னா, வெறகா? லக்கேஜு போடணும்."

"வெறகுன்னு இன்னொரு வாட்டி சொல்லு, பாக்கலாம். ஆளுன்னு நெனச்சிக்கினு முழு டிக்கெட்டு போடு."

"ஆளுன்னா பேரு, ஊரு வேணுமே."

"பேரு கெணத்துமரம். ஊரு எங்க காடு. சனிக்கெழம கை போச்சி. கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கினு போறேன். போதுமா?"

"அப்ப சீட்டுல ஒக்கார வெக்கப் போறியா?"

"நீ எந்திரி, வெக்கறேன்."

பேருந்து சிரித்தது. பின் இருக்கையிலிருந்து ஓர் இளங்குரல், "கூப்புக்காரம்மா கெளம்பிட்டாங்கடோய்" என்றது. அம்சவள்ளி திரும்பிப் பார்த்தார். எவர் பேசினார் என்று அவர் கேட்கவில்லை. பேருந்தில் சிரிப்பு மட்டும் நின்றுபோயிற்று.

அம்சவள்ளிக்கு ஐம்பதைக் கடந்த வயது. வெள்ளிமலையிலிருந்து ஜீப் போகும் மண்பாதையில் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூர் அவருடையது. சாமையும் மரவள்ளியும் பயிரிடும் குடும்பம். எனினும் அவரை அடையாளங்காட்டும் தொழில் கடுக்காய். தையிலும் மாசியிலும் மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்து, நீண்ட கோலால் கிளைகளைத் தட்டி, உதிர்ந்த காய்களைப் பொறுக்கி, பாறையில் காயவைத்து, கொட்டை நீக்கித் தோலைத் தனியே மூட்டை கட்டுவார். கொட்டையை உடைப்பதற்கு அவர் வைத்திருக்கும் கருவி, பழைய ஜீப்பிலிருந்து கழற்றிய பட்டை இரும்பின் ஒரு துண்டு. கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை பிறக்கும். எனவே அவருடைய வலக்கை விரல்கள் ஐந்தும் மணிக்கட்டுவரை கருத்திருக்கும். நியாயவிலைக் கடையில் விரல் வைக்கும் கருவி அந்தக் கையை அடிக்கடி ஏற்பதில்லை. "எனுக்கு என்னத் தெரியுது, அதுக்குத் தெரியலன்னா அதுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, கருவி இணங்கும்வரை அதே விரலை அழுத்திக்கொண்டிருப்பார்.

அவர் எதிரில் எவரும், "எனக்குக் கடுக்காய் கொடுத்துவிட்டான்" என்று சொல்லக்கூடாது. ஏமாற்றுவதற்கு இப்படியொரு பெயர் தமிழ்நாடு முழுவதும் வழங்குகிறது என்பதே அவருக்குத் தாளாத அவமானம். கடன் வாங்கிய நண்பன் தலைமறைவானதைத் தேநீர்க் கடையில் ஒரு வியாபாரி இவ்வாறு சொல்லி அழ, அம்சவள்ளி எழுந்தே நின்றுவிட்டார். "ஏமாத்தனவன் உன் சினேகிதன். எங்க காயி உனுக்கு இன்னா பண்ணிச்சி? வயித்துக்கு மருந்து, தோலுக்குச் சாயம், பல்லுக்குப் பொடி. இத்தினி குடுத்ததுக்குப் பேரு ஏமாத்தறதா? மாத்திச் சொல்லு." அந்த வியாபாரி மாற்றிச் சொன்ன பிறகே அவருக்குத் தேநீர் கிடைத்தது.

இதனால் அவரைச் சண்டைக்காரி என்று சொல்வோர் உண்டு. அவர் சண்டையிடுவது பெரும்பாலும் சொற்களோடு. ஒரு சொல்லைக் கேட்டால் அதைக் கடுக்காயைப்போல் காதருகில் வைத்து ஆட்டிப் பார்ப்பார்; உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கமாட்டார். மருந்தாளுநர் 'டோஸ்' என்றால், "அப்பிடின்னா?" மின்வாரிய ஊழியர் 'லோடு' என்றால், "லாரிலயா?" ஊரில் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்குமுன் அவர் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "அர்த்தம் சொல்லு, அப்பறம் கைய நீட்டறேன்."

இத்தகையவரை ஓர் ஆங்கில வினைச்சொல் ஏமாற்றிய வரலாறுதான் அந்தக் கிளை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சமவெளியிலிருந்து வந்த மூலிகை வணிக நிறுவனம் ஒன்று அச்சிற்றூரின் கடுக்காய் மகசூலை இரண்டு பருவங்களுக்குக் குத்தகைக்கு எடுத்தது. மரங்கள் அவரவர் பட்டா நிலத்தில் நிற்பவை; காய்கள் மட்டும் நிறுவனத்துக்கு. முதற்பருவத்தில் பூத்த நேரத்தில் பெய்த மழையால் காய்ப்பு பாதியாயிற்று. இரண்டாம் பருவம் நெருங்கியபோது, இந்த மார்கழியில், நிறுவனத்தின் மேலாளர் பிரவீன்குமார் ஊர்க்கூட்டம் கூட்டினார். இஸ்திரி கலையாத சட்டை, ஒருபுறம் சாய்த்து வாரிய தலை, இனிய குரல். இந்தப் பருவத்துக்கான ஒப்புதலில் எல்லோரும் கைநாட்டு வைக்கவேண்டும் என்றார். இறுதியில் சொன்னார்:

"போன வருஷம் எங்களுக்கு நல்ல அடி. பரவால்ல. அந்த லாஸ இந்த வருஷம் ரீகூப் பண்ணிக்கறோம்."

கூட்டத்தில் முதலில் நிமிர்ந்தது அம்சவள்ளியின் தலை.

"இன்னா பண்றீங்க?"

"ரீகூப், அம்மா."

"கூப்பா?"

சமவெளியில் வாழ்வோருக்கு இந்தச் சொல் புரியாது. மலையில் வாழ்வோருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. காட்டில் ஒரு பகுதியை அளந்து, கல் நட்டு, மரங்களுக்கு எண் போட்டு, வெட்டிக்கொள்ள ஏலம் விடுவதற்குக் கூப்பு என்று பெயர். அம்சவள்ளி பாவாடை கட்டிய வயதில் எதிர்மேட்டில் கூப்பு விட்டார்கள். கோடரிச் சத்தம் ஒரு கோடை முழுவதும் கேட்டது. லாரிகள் ஏறுவதற்காகப் போட்ட பாதைக்கு இன்றும் கூப்புரோடு என்றுதான் பெயர். மரம் போனது, அடுத்துப் பெய்த மழையில் மண் போனது, அதன்பின் அங்கிருந்து வந்த ஓடையும் போனது. அந்த மேட்டில் இன்று உண்ணிச்செடிதான் மண்டியிருக்கிறது. கூப்பு என்ற சொல்லுக்கு அம்சவள்ளியின் அகராதியில் அந்த மேடுதான் பொருள்.

"ஏ, கூப்பு வுடப் போறாங்களாம்!" என்று அவர் எழுந்தார். "காய்னு சொல்லிக்கினு வந்து இப்பக் கூப்புங்கறான். 'ரீ'யாம். திரும்பியும் கூப்பு! ஒருத்தரும் கைநாட்டு வெக்காதீங்க!"

பாதி ஊர் அவரோடு எழுந்தது. நிறுவனத்தின் ஜீப்புக்குக் குறுக்கே கட்டைகள் விழுந்தன. பிரவீன்குமார் முதலில் திகைத்தார். பிறகு விளங்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அய்யோ அம்மா, கூப்பு இல்ல, ரீகூப்! இங்கிலீஷு! நஷ்டம் ஆனத திரும்ப எடுக்கறது. போனத எடுக்கறதும்மா. மரத்த யாரு கேட்டா?"

இளைஞர்களுக்கும் சிரிப்பு வந்தது. அவர்களில் ஒருவன் இவை அனைத்தையும் கைப்பேசியில் எடுத்திருந்தான். அம்சவள்ளி கையை ஓங்கி, "திரும்பியும் கூப்பு!" என்று கத்தும் காட்சி, கீழே கச்சிராயபாளையம்வரை போய்ச் சேர்ந்தது. ஊருக்குள்ளேயே ஒரு பெயர் பிறந்தது: கூப்பு அம்சவள்ளி. மளிகைக் கடையில், "கூப்பக்கா, இன்னா வேணும்?" தண்ணீர்க் குழாயடியில், "கூப்பு வர்றா, கொடத்த நவுத்து." சொந்தத் தம்பி மனைவியே சிரித்தாள்.

சிரிப்புக்கு நடுவிலும் அவர் ஒரு கேள்வியைக் கைவிடவில்லை. "சரிப்பா, திரும்ப எடுக்கறதுன்னே வெச்சிக்கலாம். எங்கருந்து எடுப்பீங்க?"

"எங்கருந்துன்னா? இந்த வருஷ வெளச்சல்லருந்துதான்" என்றார் பிரவீன்குமார்.

மறுநாளே அம்சவள்ளி வெள்ளிமலைக்குப் போனார். அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை செந்தமிழ்ச்செல்வி, பள்ளிக்கருகில் குடியிருப்பவர். சொல்லின் பொருளையும் வழக்கையும் பிறழாமல் சொல்பவர் என்று பெயரெடுத்தவர். அன்று அவர் விளக்கியதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

"ரீகூப்ங்கறது வினைச்சொல், அம்மா. இழந்தத ஈடுகட்டிக்கறது. செலவு பண்ணத, போட்ட முதல, நஷ்டத்த ரீகூப் பண்ணாங்கன்னு சொல்லுவாங்க."

"ஆஸ்பத்திரில சொல்றாங்களே, ரெகவர் ஆயிட்டாருன்னு. அதுவா?"

"இல்ல, அது வேற. நோயாளி தானா ரெகவர் ஆவலாம். ஆனா ரீகூப் ஆயிட்டாருன்னு சொல்ல முடியாது. இது செயப்படுபொருள் குன்றாத வினை. எத ரீகூப் பண்ணாங்கன்னு சொல்லியே ஆவணும்."

"எதுன்னு சொல்லிட்டான். எங்கருந்துன்னு நான் கேட்டப்பறந்தான் சொன்னான். தானா சொல்ல வேணாமா?"

"சொல்லலாம். சொல்லாமயும் வுடலாம். வாக்கியம் தப்பில்ல."

வாக்கியம் தவறில்லைதான். பிரவீன்குமாரின் வாக்கியத்தில் எழுவாய் இருந்தது, அது நிறுவனம். செயப்படுபொருள் இருந்தது, அது நட்டம். பயனிலையும் இருந்தது. விடுபட்டது ஐந்தாம் வேற்றுமை ஒன்றுதான். எதிலிருந்து என்னும் அந்த நீங்கல் பொருளை விழுங்கிவிட்டு ஒரு வாக்கியத்தை நிறைவாக அமைக்கமுடியும் என்பதே இத்தகைய வினைச்சொற்களின் வசதி. நட்டத்தை மீட்டார்கள் என்று படிப்போம். எவருடைய வயலிலிருந்து, எவருடைய முதுகிலிருந்து என்று கேட்க நமக்குத் தோன்றாது. தோன்றிய ஒருத்தியைப் பார்த்து ஊர் சிரித்தது.

"அப்ப நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கினேனா, டீச்சரம்மா?"

"ஆமாம்மா. ஒலி ஒண்ணாக் கேக்குது, அவ்வளவுதான். கூப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அம்சவள்ளி வீடு திரும்பினார். ஊராரைக் கூட்டி, "நான் சொன்னது தப்பு. டீச்சரம்மா சொல்லிட்டாங்க" என்றார். எவரும் கேளாமலே அவர் சொன்ன சொல் அது. பிறகு தம் கருத்த கட்டைவிரலை முதலில் நீட்டினார். அவருக்குப் பின்னால் ஊர் வரிசையாக நீட்டியது.

சென்ற சனிக்கிழமை தங்கை மகளின் திருமணத்துக்காக அவர் சங்கராபுரம் போயிருந்தார். காவலுக்கென்று வீட்டில் இருந்தவர் கணவர் வேடியப்பன் மட்டுமே. அவர் அதிர்ந்து பேசாதவர். யாரைக் கண்டாலும் முதலில் தண்ணீர் கொடுப்பவர். காலையில் நிறுவனத்தின் ஆட்கள் வந்தனர். அவர்களிடம் கோல் இல்லை, கூடை இல்லை. மரமறுக்கும் இயந்திரங்கள் இருந்தன. அம்சவள்ளி குடும்பத்தின் கீழ்க்காட்டு மரங்கள் ஒவ்வொன்றிலும் ஏறிக் காய்த்த கிளைகளை அடியோடு அறுத்துத் தள்ளினர். கீழே, அவர்களுடன் வந்த பெண்கள் கிளையிலிருந்த காய்களை உட்கார்ந்தவாறே உருவினர். ஒரு வாரம் தட்டவேண்டிய மரங்கள் பொழுது சாயுமுன் முடிந்தன. மேலக்காட்டு மரங்களுக்குப் புதன்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு காலை ஜீப்பிலிருந்து இறங்கிய அம்சவள்ளி, கையில் தாம்பூலப் பையுடன் காட்டு முகப்பிலேயே நின்றுவிட்டார். கிணற்றருகே இருந்த மரம் அவருடைய மாமனாரின் தந்தை காலத்தது என்பார்கள். அது இப்போது வானத்தை நோக்கி நாலைந்து முண்டங்களை நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டுவாய்களில் நீர் கசிந்து கொண்டிருந்தது.

"ஏய்யா, நீ எங்க இருந்த?"

"இங்கதான் இருந்தேன்" என்றார் வேடியப்பன். "கெளதான, தழஞ்சிக்கும்னு சொன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"தண்ணி கேட்டாங்க. குடுத்தேன்."

அம்சவள்ளி தாம்பூலப் பையை அவர் காலடியில் எறிந்தார். தேங்காய் உருண்டோடிச் சரிவில் விழுந்தது. அதை எடுக்க எவரும் போகவில்லை.

"தழயும். யாரு இல்லன்னா? தழ தழயும். காயி எப்ப வரும்? தண்டு மொத்தி, கெள கவுந்து, பூ வெக்க எத்தினி வருஷம் ஆவும்? அதுவரிக்கும் நான் இருப்பனா, நீ இருப்பியா? உன் பேரனுக்குக் கோலு மட்டும் குடுத்துட்டுப் போலாம், தட்டிக்கினு ஒக்காந்துருக்கட்டும்."

பிறகு கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்துப் பிரவீன்குமாரை அழைத்தார். ஊர் சுற்றி நின்று கேட்டது. மறுமுனையில் அந்த இனிய குரல் சற்றும் மாறவில்லை.

"மரத்த வெட்டலயேம்மா, கெளயத்தான வெட்டனோம். ஆளு வெச்சித் தட்டனா நாளும் ஜாஸ்தி, கூலியும் ஜாஸ்தி. மிஷின்ல ரெண்டும் கம்மி. அதுலதான் போன வருஷ நஷ்டத்த ரீகூப் பண்றோம்."

"அன்னிக்கு எங்கருந்துன்னு கேட்டேன். வெளச்சல்லருந்துன்னு சொன்ன."

"இதுவும் வெளச்சல்தாம்மா."

"அடுத்த வருஷம் காயிக்கு எங்க போறது?"

"அடுத்த வருஷம் எங்க குத்தகை இல்லியேம்மா."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. இதைவிடத் தெளிவாக ஓர் ஆங்கில வினைச்சொல்லின் வழக்கை எந்தப் பாடநூலும் விளக்கியதில்லை. தன் இழப்பு ஒரு பருவத்துக்குரியது. அதைத் தீர்க்கப் பிறருடைய பல பருவங்களை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தபின் அந்தச் செயலுக்குச் சட்டை கலையாத ஒரு பெயரும் உண்டு. வெட்டுவோம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்குக் குறுக்கே விழுந்த கட்டைகள் அகன்றிருக்கமாட்டா. மொழி அறிந்தவன் அந்தச் சொல்லைத் தவிர்த்தான். அவ்வளவே அவன் கற்ற கல்வி.

அன்று மாலை செந்தமிழ்ச்செல்வி ஆசிரியை ஜீப் பிடித்து அம்சவள்ளியின் வீட்டுக்கே வந்தார். செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. வந்தவர் உட்காரவில்லை.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். பெரிய அகராதியில இன்னிக்குத்தான் பாத்தேன். ரீகூப்ங்கற சொல்லு பிரெஞ்சுலருந்து வந்துது. அதுக்கு வேரு, வெட்டறதுன்னு அர்த்தம். நம்ப கூப்புங்கறதும் அதே வேருலருந்து வந்துதுதான். நீங்க அன்னிக்குச் சொன்னது..."

"இந்த அர்த்தம் அன்னிக்கு அந்தப் பொஸ்தகத்துல இல்லியா?"

"இருந்துது. நான் பாக்கல. சின்ன அகராதியப் பாத்துட்டுச் சொல்லிட்டேன்."

"அன்னிக்கு ஒரு பக்கம் சேத்துத் திருப்பியிருந்தா, நான் கைய நீட்டியிருக்க மாட்டேன். இந்த ஊரும் நீட்டியிருக்காது." அம்சவள்ளி குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் கடுமையாக இருந்தது. "இப்பக் கொண்டாந்து குடுக்கற. இத வெச்சி எந்தக் கெளய ஒட்ட வெக்கறது?"

ஆசிரியை அழுதார். அம்சவள்ளி அதைப் பொருட்படுத்தாமல் உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து அவர்முன் நீட்டினார்.

"அழுதது போதும். நாளிக்கித் திங்கக்கெழம, கள்ளக்குறிச்சில மனு வாங்குவாங்க. எழுது. மேலக்காட்டு மரத்த ரீகூப் பண்ணாதபடிக்கு நிறுத்தணும்."

"அப்பிடி எழுதனா அவங்களுக்குப் புரியாதும்மா. கிளைகளை வெட்டுவதைத் தடுக்கவேண்டும்னு எழுதறேன்."

"அவன் சொன்ன வார்த்தயவே எழுது. வெட்டறதுன்னு எழுதனா, வெட்டலயே, ரீகூப்தான பண்ணோம்னு சிரிப்பான். ஒரு வாட்டி சிரிச்சது போதும்."

செந்தமிழ்ச்செல்வி அவ்வாறே எழுதினார். அன்றிரவு வேடியப்பன், மனைவி கேளாமலே, கிணற்றுமரத்தடியில் கிடந்தவற்றுள் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்துச் சாக்கை நனைத்துச் சுற்றிக் கயிற்றால் கட்டி வாசலில் நிறுத்திவைத்தார். அம்சவள்ளி அதைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

பேருந்து வளைவுகளில் இறங்க இறங்கப் பனி மெலிந்தது. கச்சிராயபாளையத்தில் கண்கூசும் வெயில். கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டுக் கள்ளக்குறிச்சி சேர்ந்தபோது, கிளையின் இலைகள் சுருண்டு ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் தம் மடியில் விழுந்த இலைகளைத் தட்டிவிடாமல் பொறுக்கி அம்சவள்ளியிடம் கொடுத்தார். இறங்கும்போது கலையரசன் கிளையின் நுனியைத் தாங்கிப்பிடித்தார்.

"யக்கா, லக்கேஜு காசு கேட்டதுக்கு மனசுல வெச்சிக்காத."

"காசு கேட்டது உன் வேல. வெறகுன்னு கேட்டதுதான் தப்பு."

ஆட்சியர் அலுவலக வாயிலில் காவலுக்கு இருந்தவர் வழிமறித்தார். "இதெல்லாம் உள்ள எடுத்துக்கினு போவக் கூடாதும்மா. ஓரமா வெச்சிட்டுப் போ."

"ஆக்சிடெண்ட்டுல அடிபட்டவன ஓரமா வெச்சிட்டா உள்ள போவாங்க?"

"இதுக்கு உயிரா இருக்குது?"

"சனிக்கெழம காலயில இருந்துது."

காவலர் அந்தச் சாக்குக் கட்டைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூடம் நிரம்பியிருந்தது. பட்டா கேட்பவர்கள், உதவித்தொகை கேட்பவர்கள், வரப்புத் தகராறுக்காரர்கள். வரிசையில் அம்சவள்ளி கிளையைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வோர் அடி நகரும்போதும் அதைத் தூக்கி முன்னால் வைத்தார். "இன்னா மரம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "கடுக்கா" என்றார். ஒரு பெரியவர் மட்டும், "யாரோ உனுக்குக் கடுக்கா..." என்று தொடங்கினார். அம்சவள்ளியின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார்.

மனு வாங்கிய அதிகாரி நடுவயதினர். களைத்த கண்கள், பொறுமையான குரல். மனுவை முழுவதும் படித்தார். படித்தவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஒரு வரியின்மேல் பேனாவை வைத்தார்.

"மரத்த ரீகூப் பண்ணாதபடி தடுக்கணும்னு எழுதியிருக்கு. யாரும்மா எழுதனது?"

"டீச்சரம்மா எழுதனாங்க. வார்த்த நான் சொன்னது."

"நஷ்டத்தத்தாம்மா ரீகூப் பண்ணுவாங்க. மரத்த எப்பிடிப் பண்றது?" பக்கத்து மேசையில் யாரோ மெல்லச் சிரித்தனர். அதிகாரி சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சிதான் எழுதச் சொன்னீங்களா? ரீகூப்னா இன்னா?"

அம்சவள்ளி கயிற்றை அவிழ்த்தார். நனைந்த சாக்கு தரையில் விழுந்தது. கிளையைத் தூக்கி, மனுவின்மேல் வெட்டுவாய் அதிகாரியைப் பார்க்கும்படி கிடத்தினார்.

"வெட்டறதுங்க."